உப்பு எங்கே போகிறது? திருப்பூர் சாயக்கழிவு நீர்: கேள்வி பதில்

திருப்பூரின் ஜீரோ டிஸ்சார்ஜ் முறை பற்றி, அதாவது சாயப்பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாடு பற்றி, கேட்கலாம். சுத்திகரிப்பு, பிரைன் (கழிவிலிருந்து மீட்ட உப்புக் கரைசல்) மறுபயன்பாடு, விதிமுறைகள் பற்றிப் பதில் உண்டு. தனிப்பட்ட பட்டறை மீதான புகார்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொண்டு போங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): அறிவியல், சமூகம், அரசுக் கொள்கை மூன்றும் சேர்ந்து ஒரு புதிய தொழில்நுட்பத்தை நிலைநிறுத்தியதற்கு திருப்பூரை உதாரணமா எடுக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிக்கறது சார்?

பதில்: தாராளமாக எடுக்கலாம் அம்மா. ஒரு கிலோ பனியன் துணியிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடர் நிறம் ஏற்ற, கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக்குளியல். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ். ஆக 360 கிராம் உப்பும் 120 கிராம் சோடாவும். இந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது, முழுவதும் கழிவில் வந்து விழும். பிளீச்சிங், அலசல் எல்லாம் சேர்த்து 60 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், லிட்டருக்கு 8 கிராம், அதாவது டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 8000. வெளிர் நிறங்களும் கலப்பதால் மொத்தக் கழிவு 7000 அருகில் நிற்கும். ஆற்றில் விட அனுமதி 2100.

1990களின் கடைசியில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கின. உப்பு அப்படியே இருந்தது. போட்ட ரசாயனத்தால் கொஞ்சம் கூடவும் செய்தது. பார்க்கத் தெளிந்த தண்ணீர், கிணற்றைக் கெடுக்கும் தண்ணீர். நொய்யல் ஆற்றில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. எந்த அணையிலும் தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராடுவார்கள். இங்கே திறக்காதே என்று போராடினார்கள்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜீரோ டிஸ்சார்ஜுக்குக் கெடு விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அப்படியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று அத்தனை பட்டறைகளையும் மூட உத்தரவானது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். அதன் பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் பொது நிலையத்தில் பிரைனைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை தேறிய பிறகு தொழில் மீண்டது.

ஆய்வில் நீங்கள் பிடிக்க வேண்டியது இதைத்தான்: விவசாயி கேட்டது "உப்பு எங்கே போகிறது" என்று. அரசு பல ஆண்டு அளந்தது நிறத்தையும் கரிமக் கழிவையும். கேள்விக்கும் அளவைக்கும் இருந்த இந்த இடைவெளிதான் அத்தனை ஆண்டுகளைத் தின்றது.

கேள்வி (பட்டறை உரிமையாளர், வீரபாண்டி): நல்ல ஆர்.ஓ. போட்டா போதாதுங்களா? எதுக்கு எவாப்பரேட்டர் செலவு?

பதில்: ஆர்.ஓ. என்பது தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்திப் பிரிப்பது. அது உப்பை அழிப்பதில்லைங்க, ஒதுக்குகிறது. 100 லிட்டரில் 85 லிட்டர் நல்ல தண்ணீராக வந்தால், மீதி 15 லிட்டரில், அதாவது ரிஜெக்ட்டில், அத்தனை உப்பும் நிற்கும். 7000 டி.டி.எஸ். அப்போது 46,000 தாண்டிவிடும். சோடியம் குளோரைடாக இருந்தால் அந்தச் செறிவில் ஊடுபரவல் அழுத்தமே சுமார் 35 பார். பம்ப் அதையும் மிஞ்சித் தள்ள வேண்டும். அந்த 15 லிட்டரை எவாப்பரேட்டரில் காய்ச்சி ஆவியாக்குவதா, வேறு என்ன செய்வது என்பதுதான் ஜீரோ டிஸ்சார்ஜ். மற்றதெல்லாம் முன்வேலை.

கேள்வி (டையிங் மாஸ்டர், பெருமாநல்லூர்): பிரைன் உபயோகிச்சா ஷேடு சமமா வர்றதில்லை. உப்பு சேர்க்கும்போதே சாயம் திட்டுத் திட்டா ஏறிடுது. பி.எச். பார்த்தா 7.5 தான் காட்டுது.

பதில்: அந்த 7.5தான் உங்களை ஏமாற்றுகிறது. பிரைனில் பைகார்பனேட் மிச்சம் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் பி.எச். அடங்கியிருக்கும். 60 டிகிரிக்குச் சூடேறியதும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். நீங்கள் சோடா போடுவதற்கு முன்பே சாயம் நூலைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதுதான் திட்டு.

ஒரு பீக்கரில் 200 மில்லி பிரைன் எடுத்து 60 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். ஆற வைத்து மறுபடி பி.எச். பாருங்கள். 8ஐத் தாண்டினால் அந்த டேங்க்கை மெஷினுக்கு அனுப்பாதீர்கள். அமிலம் விட்டு, காற்றடித்து வாயுவை வெளியேற்றி, சூடாக்கிய பிறகும் 6.5 முதல் 7க்குள் நிற்கும்படி செய்யுங்கள். அமிலம் சல்ஃப்யூரிக்காக இருக்கட்டும், காரணம் கீழே வருகிறது.

அடுத்து கடினத்தன்மை. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே வையுங்கள். கால்சியம் இருந்தால் சாயம் திரிந்து துணியில் புள்ளி விழும். பிறகு மிச்சக் குளோரின். ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமானால் உங்கள் ஷேடு வெளிறும், தயோசல்பேட் விட்டு முறியுங்கள்.

கடைசியாக அளவு. பிளீச்சிங் முடிந்த துணி தன் எடையைப் போல் 2 மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 6 லிட்டரில் நீங்கள் ஊற்றக்கூடியது 4 லிட்டர் பிரைன்தான். அது லிட்டருக்கு 46 கிராம் என்றால் குளியலில் கிடைப்பது 31 கிராம். மீதி 29ஐ உப்பாகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது மீட்டெடுத்த கிளாபர் படிகம் (தண்ணீரோடு சேர்ந்து படிந்த சோடியம் சல்பேட்) என்றால் ஜாக்கிரதை: 100 கிலோ படிகத்தில் 44 கிலோதான் உப்பு, 56 கிலோ தண்ணீர். அன்ஹைட்ரஸ், அதாவது நீரற்ற உப்புக்கான ரெசிப்பியை அப்படியே போட்டால் பாதி உப்புகூட இருக்காது. ஒவ்வொரு புது டேங்க்குக்கும் அதே பிரைனில் லேப் டிப் (சிறு துணியில் மாதிரிச் சாயம்) போட்டுப் பார்த்துவிட்டு மெஷினில் ஏற்றுங்கள்.

கேள்வி (விவசாயி, சென்னிமலை பக்கம்): கிணத்துத் தண்ணி 4000 காட்டுதுங்க. ஜிப்சம் போடலாமா?

பதில்: டி.டி.எஸ். மட்டும் வைத்து ஜிப்சம் முடிவு செய்யாதீங்க ஐயா. மண் களர் ஆகியிருந்தால், அதாவது சோடியம் மண்ணைப் பிடித்திருந்தால்தான் ஜிப்சம் உதவும். வெறும் உவர் என்றால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குவது ஒன்றுதான் வழி. மண், தண்ணீர் இரண்டையும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துதிறன், சோடியம் விகிதம், மிச்சக் கார்பனேட் மூன்றையும் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, மழைநீரை வயலிலேயே நிறுத்தி இறங்க விடுங்கள். வடிகால் இல்லாத வயலில் இது எதுவும் பலிக்காது.

கேள்வி (இயந்திர விற்பனைப் பிரதிநிதி): எங்கள் மெம்பரேன் 98 சதவீதம் தண்ணீரை மீட்கும். அப்போது எவாப்பரேட்டர் வேண்டாமே?

பதில்: மறுபடி அதே கேள்வி. மீதி 2 சதவீதத்தில் உப்பு முழுவதும் இருக்குமே, அது எங்கே போகும்? 7000ஐ 50 மடங்கு செறிவாக்கினால் லிட்டருக்கு 350 கிராம், ஏறக்குறைய உப்பு படியும் எல்லை. வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், உப்புக் கணக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பொறியாளர், ஈரோடு): கடலில் இருப்பதே உப்புதான். விறகை எரித்து உப்பைக் காய்ச்சுவதைவிட குழாய் போட்டுக் கடலில் விடுவதுதானே நிலைத்த வழி? விறகுக் கணக்கை யாராவது சொல்கிறார்களா?

பதில்: நியாயமான கேள்வி, கணக்கை மறைக்கக் கூடாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 15,000 கிலோஜூல். பாய்லரில் 70 சதவீதம் கிடைத்தால் 10,500. ஒற்றை அடுக்கில் கிலோ விறகு நாலரை கிலோ தண்ணீரை ஆவியாக்கும். நான்கடுக்கு எவாப்பரேட்டரில் சுமார் 15. ஆக ஆயிரம் லிட்டர் ரிஜெக்ட்டுக்கு 67 கிலோ விறகு. நாளுக்கு 10 லட்சம் லிட்டர் கையாளும் நிலையத்தில் ஆர்.ஓ. மீட்பு 85 சதவீதம் என்றால் 10 டன் விறகு. 90 ஆக்கினால் 7 டன்னுக்கும் கீழே. பிரைனை நேரே சாயத்துக்குத் திருப்பினால் அந்த அளவுக்கு விறகே இல்லை.

குழாய்க்கு வருகிறேன். 7000 டி.டி.எஸ். கடல்நீரின் 35,000ஐவிடக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயில் உப்போடு சாயமும் துணைப்பொருட்களும் போகும். காவிரியிலிருந்து குழாய் போட்டு திருப்பூருக்குக் கொண்டுவந்த தண்ணீரும் சேர்ந்து போகும்.

எதிர்க்கேள்வி (அதே பொறியாளர்): தண்ணீரை ஆர்.ஓ.வில் எடுத்துக்கொண்டு ரிஜெக்ட்டை மட்டும் அனுப்பலாமே.

பதில்: அப்போது போவது கடல்நீரைவிடச் செறிவான, சாயம் திரண்ட நீர். உங்கள் முதல் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இடையில் ஒருவர் (நாகப்பட்டினம்): எங்க கரையில கொண்டாந்து விடுறதுன்னா எங்களக் கேக்க வேணாமா? நண்டும் எறாலும் குஞ்சு பொரிக்கிறது கரையோரந்தான்.

பதில்: கேட்டே ஆக வேண்டும். ஒரத்துப்பாளையத்தில் நடந்தது இதேதான்: மேலே இருப்பவர் சிக்கல் கீழே இருப்பவர் வாசலுக்கு இறங்கியது. குழாய் வழியில் எங்கே கசிந்தாலும் நனைவது டெல்டாவின் வயல். கிழக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமும் குறைவு, கலந்து கரைய இடம் போதாது.

எதிர்க்கேள்வி (பொறியாளர்): அப்படியானால் விறகை ஏற்றுக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. விறகைக் குறைக்கும் இடம் சாயக்குளியல். லிக்கர் ரேஷியோ, அதாவது துணி எடைக்கும் சாயக்குளியல் அளவுக்கும் உள்ள விகிதம், 1:8 இலிருந்து 1:5 ஆனால் கிலோ துணிக்கு உப்பு 480 கிராமிலிருந்து 300க்கு இறங்கும். இதற்கு ஊக்கம் கொடுக்கும் கட்டணம் வேண்டும். லிட்டருக்கு இத்தனை பைசா என்று மட்டும் வசூலித்தால் பட்டறைக்காரர் தண்ணீரைக் குறைப்பார், உப்பைக் குறைக்க மாட்டார். அதே உப்பு குறைந்த நீரில் செறிவாக வரும். லிட்டருக்கும் உப்புக் கிலோவுக்கும் தனித்தனியே கட்டணம் வையுங்கள். கொள்கை வகுப்போரிடம் நான் கேட்கும் முதல் மாற்றம் இதுதான்.

கேள்வி (ஏற்றுமதியாளர்): வேறு மாநிலங்களில் இந்தச் செலவு இல்லையே?

பதில்: 2016 அக்டோபரில் மத்திய அரசு ஜவுளித் தொழிலுக்கு வெளியிட்ட வரையறை டி.டி.எஸ். 2100 என்றது, ஜீரோ டிஸ்சார்ஜை நாடு முழுவதற்கும் பொதுக் கட்டாயம் ஆக்கவில்லை, சூழல் பாதிப்புள்ள இடங்களில் வாரியங்கள் கேட்கலாம் என்று விட்டது. உங்கள் மனக்குறை சரிதான். ஆனால் அதற்குத் தீர்வு எல்லா இடத்திலும் அளவை உயர்த்துவது, இங்கே தளர்த்துவது அல்ல.

கேள்வி: எவாப்பரேட்டரில் காய்ந்து கொட்டகையில் சேரும் மிக்ஸ்டு சால்ட்டை (கலப்பு உப்பை) விற்க முடியாதா?

பதில்: கலந்துவிட்டால் யாருக்கும் வேண்டாம். கலக்காமல் இருப்பதுதான் வித்தை. சோடியம் சல்பேட் 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் அளவுக்குக் கரையும், 10 டிகிரியில் 9 கிராம்தான். குளிரவைத்தாலே படிகமாகப் பிரிந்து வரும். சோடியம் குளோரைடு கொதித்தாலும் குளிர்ந்தாலும் 36 முதல் 39க்குள் நிற்கும். ஆகவே பட்டறை முழுக்க சல்பேட் என்றால் மீட்பு எளிது. ஒருவர் சாதா உப்பு போடுவது, நிலையத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்குவது, குளோரினால் நிறம் எடுப்பது, மூன்றும் குளோரைடை உள்ளே கொண்டுவரும். அமிலத்தை சல்ஃப்யூரிக் ஆக்குங்கள், நிறத்துக்கு ஓசோன் வையுங்கள். கொட்டகைக் கூரையில் ஓட்டை இருந்தால் ஒரே மழையில் அத்தனை உழைப்பும் நிலத்துக்குள் போய்விடும்.

கேள்வி: ஆர்.ஓ. மட்டும் வைத்தால்...

பதில்: மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது.

கேள்வி: இயற்கைச் சாயத்துக்கு மாறிவிடலாமே?

பதில்: சிறு அளவுக்கு நல்லது. நாளுக்கு டன் கணக்கில், ஒரே ஷேடில் அது நடக்காது. நிறம் பிடிக்க வைக்கும் படிகாரமும் உலோக உப்புதான்.

கேள்வி (ஊராட்சி உறுப்பினர்): ஒரு நிலையம் உண்மையா நடக்குதான்னு எங்கள மாதிரி ஆளுங்க எப்படிக் கண்டுபிடிக்கறது? பாக்கெட் மீட்டர் வாங்கினாப் போதுமா?

பதில்: பாக்கெட் மீட்டர் கடத்துதிறனை மட்டும் பார்க்கும். சாயமோ உலோகமோ அதற்குத் தெரியாது. சந்தேகம் எழுப்ப அது போதும், முடிவு சொல்லப் போதாது.

சோடியக் கணக்கைக் கேளுங்கள். சோடியம் ஆவியாகாது, அழியாது. வாங்கிய சாதா உப்பில் 39 சதவீதம், அன்ஹைட்ரஸ் சல்பேட்டில் 32, சோடா ஆஷில் 43, காஸ்டிக்கில் 57 சதவீதம் சோடியம். மாத வாங்கல் பில்களைக் கூட்டுங்கள். பிரைன் திரும்பத் திரும்பச் சுற்றினாலும், புதிதாக வாங்கிய சோடியம் அளவுக்கு டேங்க் இருப்பிலும் சகதியிலும் கொட்டகை உப்பிலும் சோடியம் ஏற வேண்டும். மாதம் 10 டன் உள்ளே வந்து 4 டன்தான் கணக்கில் நின்றால், மீதி 6 டன்னைக் காட்டச் சொல்லுங்கள். கொட்டகை உப்பை எடைபோடும்போது ஈரப்பதம் கழித்த எடையையே எழுதச் சொல்லுங்கள். ஈர உப்பின் எடையைக் காட்டிக் கணக்கை நேர் செய்துவிடலாம்.

ஓடைத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தால் கேனை அதே நீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டுங்கள். ஓடையில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மழை பெய்த மறுநாள் எடுத்தது எதையும் நிரூபிக்காது.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுக்கணுங்க?

பதில்: வாரம் ஒன்று, அதே இடம். ஒன்றிரண்டு முறை விடியற்காலை நாலு மணிக்கும் எடுங்கள்.