ஃபால்அவுட் 5இல் எதைக் கேட்பது நியாயம்?

கேள்வி: அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் வீடியோ கேம் தொடரின் ஃபால்அவுட் 4ஐ, டிஎல்சி எனும் கூடுதல் பகுதிகளோடு முழுதாக முடித்துவிட்டேன். அடுத்த பாகத்தில் என்ன வரவேண்டும் என்று பேச ஆரம்பித்தால், ஒரு நண்பர் நான்கு மடங்கு பெரிய மேப் வேண்டும் என்கிறார், இன்னொருவர் நண்பர்கள் சேர்ந்து ஆடும் கோ-ஆப் வேண்டும் என்கிறார். எனக்கோ கதையில்தான் ஏதோ குறைந்தது போலத் தோன்றுகிறது, ஆனால் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நியாயமாக எதை எதிர்பார்க்கலாம்? அதுவரை எதை விளையாடுவது?

பதில்: முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஃபால்அவுட் 4 வந்தது 2015 நவம்பரில். தங்களின் இன்னொரு கேமான எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 முடிந்த பிறகுதான் ஃபால்அவுட் 5 என்று இதை உருவாக்கும் பெதஸ்டா நிறுவனத்தின் டாட் ஹோவர்ட் 2022லேயே சொல்லிவிட்டார். அதனால் இது நீண்ட காத்திருப்புதான், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் குறைந்ததாகத் தோன்றியது டயலாக். ஃபால்அவுட் 4இல் யாரோடு பேசினாலும் நான்கே பதில்கள், அதுவும் திரையில் இரண்டு மூன்று சொற்களாகத்தான் தெரியும், தேர்ந்தெடுத்த பிறகுதான் நம் கேரக்டர் உண்மையில் என்ன சொல்லப்போகிறது என்பதே நமக்குத் தெரியவரும். இதற்குக் காரணம் நாயகனுக்கும் நாயகிக்கும் குரல் கொடுத்தது. ஆளுக்குச் சுமார் 13,000 வரிகளைப் பதிவு செய்தார்கள், உழைப்பு பெரியதுதான், ஆனால் எழுதும் ஒவ்வொரு பதிலையும் இரண்டு பேர் ஸ்டுடியோவில் பேசியாக வேண்டும் என்றால், மருத்துவம் தெரிந்தவனுக்கு ஒரு வரி, அறிவு மட்டான கேரக்டருக்குத் தனியாக ஒரு வரி என்றெல்லாம் எழுத்தாளர் சேர்த்துக்கொண்டே போக முடியாது. 1997இல் வந்த முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள்: கடைசி எதிரியான மாஸ்டரைச் சுடாமலேயே வெல்லலாம். அவர் மனிதர்களை மாற்றி உருவாக்கும் மியூட்டன்ட்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கான ஆதாரத்தைத் தேடிப் பிடித்து அவரிடம் நீட்டினால், தன் திட்டமே வீண் என்று புரிந்து மனம் உடைந்துபோவார். பேச்சில் திறமையும் வேண்டும், ஊர் ஊராகத் தேடிய உழைப்பும் வேண்டும். அந்த மாதிரி ஒரு இடம் ஃபால்அவுட் 5இல் நான்கைந்து இருந்தாலே போதும், நான் மேப் அளவைக் கேட்கவே மாட்டேன்.

இந்த ஆசைக்கு ஆதாரமும் இருக்கிறது. பலர் இணையத்தில் ஒன்றாக ஆடும் ஃபால்அவுட் 76க்கு 2020இல் வந்த வேஸ்ட்லாண்டர்ஸ் அப்டேட்டிலும், 2023இல் வந்த விண்வெளிக் கேமான ஸ்டார்ஃபீல்டிலும் குரலில்லாத கேரக்டருக்கும் முழு வாக்கியப் பதில்களுக்கும் பெதஸ்டா திரும்பிவிட்டது. ஸ்டார்ஃபீல்டில் நீங்கள் தேர்ந்தெடுத்த பின்னணியைப் பொறுத்துச் சில பதில்கள் கூடுதலாக வரும். ஆனால் பேசி இணங்க வைப்பது அங்கும் அதிர்ஷ்டத்தின் கையில்தான். இதுதான் என் கவலை. நிகழ்தகவு என்று வைத்தால் எல்லோரும் செய்வது ஒன்றே: பேசும் முன் சேவ், தோற்றால் மறுபடி லோட். இதே தொடரில் அப்சிடியன் என்ற வேறொரு குழு செய்த நியூ வேகஸில் அந்த வேலையே கிடையாது. ஸ்பீச் எனும் பேச்சுத்திறன் 50 வேண்டும், உங்களிடம் 45 இருக்கிறது என்று திரையிலேயே எழுதியிருக்கும், போய் ஒரு பத்திரிகையைப் படித்துத் திறனைத் தற்காலிகமாக ஏற்றிக்கொண்டு வரலாம், இல்லையென்றால் வேறு வழி தேடலாம். கேரக்டரை எப்படி வளர்த்தீர்கள் என்பதற்கு அப்போதுதான் மதிப்பு.

அடுத்து, நாம் செய்ததை அந்த உலகம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நியூ வேகஸில் ஒவ்வொரு ஊரிலும் ஃபேக்ஷனிலும், அதாவது குழுவிலும், உங்கள் நற்பெயரும் கெட்டபெயரும் தனித்தனிக் கணக்கில் ஏறும். நூறு நல்லது செய்தாலும் பழைய கொலை அழியாது, இரண்டும் சேர்ந்து உங்களை எதில் சேர்ப்பதென்று தெரியாத ஆளாக அவர்கள் பார்ப்பார்கள். மனிதர்கள் அப்படித்தானே? ஃபால்அவுட் 4இல் இந்தக் கணக்கே இல்லை. பிரதர்ஹுட், ரெயில்ரோடு, மினிட்மென் என்று எந்தக் குழுவோடு சேர்ந்து முடித்தாலும் எதிர்த்தரப்பான இன்ஸ்டிட்யூட் வெடிக்கிறது, கிட்டத்தட்ட அதே முடிவுக்காட்சி ஓடுகிறது. நியூ வேகஸில் நீங்கள் தொட்ட ஊர் ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன ஆனது என்று கடைசியில் தனித்தனியாகச் சொல்வார்கள். அதை அப்சிடியன் குழு ஏறக்குறைய 18 மாதத்தில் செய்து முடித்தது. அதனால் நேரமில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன்.

குடியிருப்பு கட்டுவது ஃபால்அவுட் 4இன் நல்ல யோசனை, அதை எடுத்துவிடக் கூடாது. ஆனால் அங்கே வந்து சேரும் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. படுக்கையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அவர்களில் யார் எங்கிருந்து தப்பி வந்தார் என்று ஒரு வரிகூடத் தெரியாமல் அடுத்த குவெஸ்டுக்குப் போகிறோம். பத்துப் பேரே வரட்டும், பத்துப் பேருக்கும் கதை இருக்கட்டும். அதேபோல, கதைப்படி 2077இல் அணுகுண்டு விழுந்து இருநூறு வருஷம் ஆன பிறகும் ஆட்கள் வாழும் வீட்டுக்குள் எலும்புக்கூட்டை அப்புறப்படுத்தாமல் வைத்திருப்பது ஏன்? இவர்கள் சாப்பிடுவதை யார் விளைவிக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வரி வசூலிப்பது யார் என்பதற்கெல்லாம் நியூ வேகஸில் பதில் இருந்தது, அங்கே என்சிஆர் எனும் குடியரசின் பண்ணைகளையும் அணையையும் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

சரி, உங்கள் நண்பர்களின் ஆசைகளுக்கு வருவோம். மேப் விஷயத்தில் ஸ்டார்ஃபீல்டே பாடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள், ஆனால் பலவற்றில் இறங்கினால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். நடந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கண்ணில் பட வேண்டும், அதற்கு அளவு முக்கியமில்லை. கோ-ஆப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறி வைக்கும்போது நேரத்தை நிறுத்துவதோ மெதுவாக்குவதோ இந்தத் தொடரின் அடையாளம், பலர் ஒன்றாக ஆடும் 76இல் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் காப்பாற்ற நினைக்கும் ஊரை இன்னொருவர் கொளுத்தினால் யாருடைய கதை நடக்கும்?

கதவுக்குக் கதவு லோடிங் என்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் நீங்கள் ஒரு மேஜைமேல் வைத்த தட்டு பல மணி நேரம் கழித்துப் போனாலும் அதே இடத்தில் இருப்பதும் இதே என்ஜினால்தான், ஒவ்வொரு அறையையும் தனிப் பகுதியாக வைத்து ஒவ்வொரு பொருளையும் அது நினைவில் வைக்கிறது. ஆகவே லோடிங் குறைய வேண்டும் என்று கேளுங்கள், அறவே இல்லாமல் போகும் என்று நம்பாதீர்கள். பசி, தாகம், தூக்கம் எல்லாம் உள்ள சர்வைவல் முறை முதல் நாளிலேயே இருக்க வேண்டும், ஃபால்அவுட் 4இல் போல அடுத்த வருஷம் அப்டேட்டாக வரக் கூடாது. ஆயுதம் தேய்வது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அதுவரை விளையாட: முதலில் நியூ வேகஸ். பிசியில் என்றால், கேம் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்த உதவும் 4ஜிபி பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள், பழைய 32-பிட் கேம் என்பதால் அது இல்லாமல் நடுவில் நின்றுபோகலாம். குயிக்சேவை மட்டும் நம்பாமல் தனித்தனி சேவ்களாக வையுங்கள். ஆரம்பத்தில் ஸ்பீச்சை முதன்மைத் திறனாக டேக் செய்யுங்கள், பசி, தாகம் உள்ள ஹார்ட்கோர் முறையை ஆன் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். அது முடிந்ததும் முதல் பாகம். முறை வைத்துச் சண்டை போடும் பழைய பாணி அது, நம் நிலவறையின் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குத் தேவையான வாட்டர் சிப்பைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடுவும் உண்டு, ஆகவே பாலைவனத்தில் சும்மா சுற்றாதீர்கள். அப்புறம் கோ-ஆப் கேட்ட நண்பரை 76க்குக் கூட்டிப்போங்கள், நான்கு பேர் வரை ஒரே அணியில் ஆடலாம். வேஸ்ட்லாண்டர்ஸ் கதையில் அவரவர் முடிவு அவரவர் கேரக்டருக்குத் தனியாகத்தான் பதிவாகும், அதனால் நீங்கள் டயலாக்கை வரி வரியாகப் படித்து முடிக்கும்வரை வெளியே காத்திருக்கும்படி அவரிடம் தாராளமாகச் சொல்லலாம்.