அட்டையை நம்பாதீர்கள்: ஜாஸ் தட்டுகளும் கச்சேரிகளும் – கேள்வி பதில்

ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பது, கச்சேரி கேட்பது இரண்டைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். சில கேள்விக்கு நீளமாக வரும், சிலதுக்கு ஒரு வரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். என் தட்டு எவ்வளவுக்குப் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதுமுகம்: சார், கட்டாயம் வாங்க வேண்டிய பத்து ஆல்பங்களைச் சொல்லுங்கள்.

பட்டியல் தரமாட்டேன். பத்தையும் வாங்கி அடுக்கி, இரண்டை அரைகுறையாகக் கேட்டுவிட்டு ‘ஜாஸ் எனக்கு ஒத்துவராது’ என்று ஒதுங்கியவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, 1959. வாசித்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் போங்கள். அதில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற ஒரு உருப்படியில் மட்டும் பியானோ பில் எவன்ஸ் இல்லை, விண்டன் கெல்லி. அந்த வித்தியாசம் காதில் விழுகிறதா பாருங்கள். விழுந்துவிட்டால் கெல்லியைத் தேடத் தோன்றும். அதே வருடம் டிசம்பரில் ஜான் கோல்ட்ரேன் ‘நைமா’வைப் பதிந்தபோது பியானோ கெல்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஜிம்மி காப். மூவருமே மைல்ஸ் தட்டில் இருந்தவர்கள். இப்படியே போனால் பட்டியல் தானாக உண்டாகும்.

ஊசிமுனை: அதே ஆல்பத்துக்கு ஏகப்பட்ட பதிப்புகள். முதல் பதிப்புதானே சிறந்தது?

சேர்த்து வைக்க என்றால் சரி. கேட்க என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். முதல் நாள் பதிவின்போது டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியது. ஆகவே சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலித்தன. அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பவருக்குச் சுருதி சேராது. கூடவே ஓடிய இன்னொரு எந்திரத்தின் டேப்பை வைத்து 1992 மறுபதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். முதல் பதிப்பு என்று அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

நீலக்குறிப்பு: புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் பழைய தட்டு ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. லேபிளில் ‘47 வெஸ்ட் 63’ என்ற முகவரி. விற்பவர் ஒரிஜினல் என்கிறார். நம்பலாமா?

விற்பவரையும் நம்பாதீர்கள், அட்டையையும் நம்பாதீர்கள், லேபிளைக்கூட அரை மனதோடு நம்புங்கள். தட்டைப் பாருங்கள்.

கடைசி உருப்படி முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழவென்று ஒரு வெற்று வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் எண்களும் கிறுக்கல்களும் தெரியும். காதுமடல் போல ஒரு குறி இருக்கிறதா? அது பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். சேகரிப்பவர்கள் ‘காது’ என்றே சொல்வார்கள். 1966 வரை புளூ நோட் எல்பிகளை, அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டுகளை, அச்சிட்டது அந்த ஆலைதான். பிறகு லிபர்ட்டி கம்பெனியின் கைக்குப் போனதும் வேறு ஆலைகளில் அச்சிட்டு, மிச்சம் கிடந்த பழைய லேபிள்களையே ஒட்டித் தீர்த்தார்கள். அப்படிப்பட்டதில் அட்டை பழசு, லேபிள் பழசு, தட்டு மட்டும் பிந்தியது. காது இருக்காது.

அப்புறம் ‘ஆர்விஜி’ என்ற எழுத்துகள். ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு செய்தவர். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். அந்த எழுத்துகள் இருந்தால் தட்டுக்கான மூல அச்சை அவரே வெட்டினார் என்று பொருள். ஆனால் அதே அச்சிலிருந்து பிந்திய பதிப்புகளும் வந்தன. எனவே ஆர்விஜி மட்டும் இருந்தால் முதல் பதிப்பு ஆகிவிடாது. ஒலி நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். என்னைக் கேட்டால் அதுவே போதும்.

இன்னொன்று. 1950களில் மோனோவில் பதிந்ததைப் பிற்பாடு மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றியதாகச் சொல்லி விற்றார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். அட்டையில் அந்த வாசகம் இருந்தால் தொடாதீர்கள். அட்டை உண்மை சொல்லும் அபூர்வமான இடம் அது.

ஒலிரசிகன்: எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?

அது என் துறை இல்லை. கருவிகள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பழையகாலம்: தாத்தா வைத்திருந்த 78 ஆர்பிஎம் தட்டுகள் இருக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? சாதாரண ஊசி போதுமா?

துடைக்காதீர்கள்! அவை அரக்குத் தட்டுகள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒரே துடைப்பில் பாட்டு போய்விடும். எல்பி ஊசியும் ஆகாது. 78இன் பள்ளம் அகலம் அதிகம், ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும்.

மேடையோரம்: நேரடிக் கச்சேரிப் பதிவுக்கு ஈடு கிடையாது. ட்யூக் எலிங்டன் 1956இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த ஆல்பத்தில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டாலே புல்லரிக்கிறது. ஸ்டூடியோவில் இது வருமா?

நண்பரே, நீங்கள் கேட்ட ஆரவாரத்தில் ஒரு பங்கு ஸ்டூடியோவில் சேர்த்ததுதான்.

நடந்தது இது. எலிங்டனின் குழு அன்றிரவு புது உருப்படி ஒன்றைப் போதிய ஒத்திகை இல்லாமல் வாசித்தது. திருப்தியில்லாமல், சில பகுதிகளைப் பிறகு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலை ஒட்டினார்கள். அந்த இரவின் உச்சம் பால் கான்சால்வெஸ் 27 சுற்று விடாமல் வாசித்த சாக்ஸபோன் தனி. அது அசல்தான், ஆனால் அவர் நின்றது கொலம்பியா கம்பெனியின் மைக் முன்னால் இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் முன்னால். அதனால் 1956 தட்டில் அவர் எங்கோ தூரத்தில் வாசிப்பது போலக் கேட்கும். வானொலியின் டேப் பிற்பாடு கிடைத்தது. இரண்டு டேப்பையும் இணைத்து 1999இல் வந்த பதிப்பில்தான் மனிதர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

சந்தேகப்பிராணி: அப்படியானால் 43 வருடம் ‘நியூபோர்ட்டில்’ என்று அட்டையில் போட்டு விற்றது மோசடி இல்லையா?

மேடையோரம்: மோசடி என்பது பெரிய வார்த்தை. இசை அவர்களுடையதுதானே? திருத்தி வாசித்தால் என்ன தப்பு?

சந்தேகப்பிராணி: வாசிப்பைத் திருத்தலாம் ஐயா. கைதட்டலை எப்படித் திருத்துவீர்கள்?

இருவரும் சற்று இருங்கள், இதற்கு நானே வருகிறேன். தட்டு சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இங்கே வந்து முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

1953 மே 15, டொராண்டோவின் மாஸி ஹால். சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச். ஒரே மேடையில் இந்த ஐந்து பேர். அன்றைக்கே மார்சியானோ – வால்காட் குத்துச்சண்டை இருந்ததால் அரங்கில் கூட்டமே இல்லை. பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். டேப்பில் பேஸ் சரியாக விழவில்லை. தட்டை வெளியிட்டது மிங்கஸும் ரோச்சும் நடத்திய கம்பெனி. மிங்கஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து தன் பேஸைத் திரும்ப வாசித்து மேலே ஏற்றினார். பார்க்கருக்கு வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் அட்டையில் அவர் பெயர் ‘சார்லி சான்’. பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று மேலே புதுமுகத்துக்குச் சொன்னேனே, அதிலும் இப்படி ஒரு வில்லங்கம்.

இது மோசடியா? என் கணக்கில் இல்லை. அன்று மிங்கஸே வாசித்தது, டேப்பில் கேட்கவில்லை, கேட்கும்படி செய்தார்.

கேனன்பால் ஆடர்லியின் ‘மெர்சி, மெர்சி, மெர்சி’ வேறு கதை. சிகாகோவில் ‘தி கிளப்’ என்ற இடத்தில் பதிந்ததாக அட்டை சொல்கிறது. உண்மையில் 1966இல் லாஸ் ஏஞ்சலிஸில் கேப்பிடல் ஸ்டூடியோவுக்கு ஆட்களை வரவழைத்து, குடிக்கவும் கொடுத்துப் பதிந்தது. கூட்டம் நிஜம், ஆரவாரம் நிஜம், இடம் மட்டும் பொய். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. நேர் எதிராக, மிங்கஸ் 1960இல் ஒரு ஆல்பத்தை ஆளில்லாத ஸ்டூடியோவில் பதிந்தார். கிளப்பில் இருப்பதுபோல் பாவித்து, கைதட்ட வேண்டாம், கிளாஸில் ஐஸைக் குலுக்க வேண்டாம் என்று இல்லாத ரசிகர்களை அதட்டுவார். யாரும் ஏமாறவில்லை, தட்டும் அற்புதம்.

சந்தேகப்பிராணி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜாஸ் கச்சேரியில் கைதட்டல் அலங்காரம் இல்லை. கான்சால்வெஸ் 27 சுற்று போனதற்குக் கூட்டமும் ஒரு காரணம். அந்தக் கூட்டத்தை வேறோர் இடத்தில் வெட்டி ஒட்டினால், யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும். அங்கே நான் அவர் கட்சி.

மேடையோரம்: அப்போது கலப்படமே இல்லாத நேரடிப் பதிவு எது? ஒன்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

பில் எவன்ஸ் மூவர் குழு, வில்லேஜ் வான்கார்ட், 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் 1935இலிருந்து நடக்கும் நிலவறை கிளப் அது. பியானோ மெல்ல இறங்கும் இடங்களில் கிளாஸ் இடிபடும் சத்தமும் யாரோ பேசிச் சிரிப்பதும் தெளிவாகக் கேட்கும். அவர்களுக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 11 நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அன்றைய பதிவுகள் முழுதும் வந்த தொகுப்பில் முதல் உருப்படி நடுவே மின்சாரம் தடைப்பட்டு இசை விட்டுப்போகும். அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

தாளக்காரி: அண்ணா, முதல்முறை ஜாஸ் கிளப்புக்குப் போகிறேன். எங்கே உட்கார வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும்?

ட்ரம்ஸ்காரரின் கையும் பேஸ்காரரின் விரலும் தெரியும் இடமாகப் பாருங்கள். பழைய தட்டுகளில் பேஸ் அமுங்கியே இருக்கும். நேரில்தான் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். கண்ணையும் மூடிவிடாதீர்கள், பாதிப் பேச்சு சைகையில் நடக்கிறது. ஒருவர் நான்கு விரல் காட்டினால், இனி நாலு நாலு தாளவட்டமாக ட்ரம்ஸோடு மாற்றி மாற்றி வாசிக்கப் போகிறார்கள். தலையைத் தட்டிக் காட்டினால் ஆரம்ப மெட்டுக்குத் திரும்புகிறார்கள். ஒவ்வொரு தனி முடிந்ததும் கைதட்டலாம். மெதுவான பாட்டில் அடுத்தவர் தொடங்கும் முதல் சுரத்தை உங்கள் கைதட்டல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ் தனி வந்ததும் பேச ஆரம்பிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் சேராதீர்கள்.

செல்லிடம்: கச்சேரியை ஃபோனில் பதிவு செய்யலாமா? பழைய காலத்திலும் ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிந்ததால்தானே பலது கிடைத்தது?

கிடைத்தது உண்மை. டீன் பெனடெட்டி 1947, 48இல் பார்க்கர் பின்னாலேயே சுற்றிப் பதிந்தார். பார்க்கர் வாசிப்பை நிறுத்தியதும் எந்திரத்தையும் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வாசித்தது அவருக்கு வேண்டாம். அந்தத் துண்டுகளை 1990இல் மொசைக் நிறுவனம் பெட்டியாக வெளியிட்டது. ஆனால் அன்று அதைப் பதிய வேறு ஆள் இல்லை. அதற்கு முன்னால் இன்னும் பஞ்சம். 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கி, பெரிய கம்பெனிகளோடு 1944இல்தான் தீர்ந்தது. பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒன்றாக இருந்த ஏர்ல் ஹைன்ஸ் குழுவுக்கு ஒரு தட்டுகூட இல்லாமல் போனது அதனால்தான். இப்போது அந்தப் பஞ்சம் இல்லை. கேட்டுவிட்டுப் பதியுங்கள். வேண்டாம் என்றால் ஃபோனை உள்ளே வையுங்கள். உங்கள் திரை வெளிச்சம் பின்னாலிருப்பவர் கண்ணில் அடிக்கிறது.

வேர்தேடி: ஜாஸின் முன்னோடி என்று சொல்லப்படும் பட்டி போல்டன் வாசித்த தட்டு எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. அவர் வாசிப்பின் பதிவு எதுவும் கிடைத்ததில்லை. இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் ஓடிவிடுங்கள்.

ஒலிரசிகன்: சரி, ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். டிஜிட்டலா, வினைலா, எது உயர்வு?

இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. 2022இல் மொபைல் ஃபிடலிட்டி என்ற மறுபதிப்புக் கம்பெனியின் விவகாரம் வெளியானதைப் படித்துப் பாருங்கள். முழுக்க அனலாக் என்று நம்பி ரசிகர்கள் சிலாகித்த எல்பிகளில் பலவற்றுக்கு தயாரிப்பின் நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது. காதை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை.

புதியதட்டு: சார், என்னிடம் ஒரு புளூ நோட் தட்டு இருக்கிறது. அட்டை பழசாகத்தான் இருக்கிறது. ஒரிஜினலா?

மேலே நீலக்குறிப்புக்கு எழுதியதைப் படியுங்கள். அட்டையைப் பற்றி எத்தனை தடவை சொல்வது!

மேடையோரம்: கடைசியாக ஒன்று. என்னிடம் இருப்பது நியூபோர்ட்டின் பழைய தட்டு. தூக்கிப் போட்டுவிட்டு 1999 பதிப்பு வாங்கவா?

தூக்கிப் போட வேண்டாம். புதியதையும் வாங்குங்கள். இரண்டிலும் கான்சால்வெஸ் வாசிக்கும் ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ’வை மட்டும் அடுத்தடுத்துப் போடுங்கள். ட்ரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ் அன்று மேடை ஓரத்தில் உட்கார்ந்து, சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக் குழுவை உசுப்பிக்கொண்டிருந்தார். சுற்றுக்குச் சுற்று கூட்டம் எப்படி எழும்புகிறது என்பதைப் புதிய பதிப்பில் கவனியுங்கள். கேட்டுவிட்டுச் சந்தேகப்பிராணியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், எனக்கு இன்றைக்கு இவ்வளவுதான் நேரம்.