நீலத் திரவத்தில் மிதந்த துளி

அன்புள்ள அக்கா,

எனக்கு 19 வயது. தக்கலைக்காரி. போன வாரம் எங்கள் கல்லூரியில் ரத்த தான முகாம் நடந்தது. 52 கிலோ இருக்கிறேன், பிரஷரும் சரியாக இருந்தது. ஆனால் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை ஒரு நீலத் திரவத்தில் விட்டபோது அது மிதந்தது. “ரத்தம் கம்மியா இருக்கும்மா” என்று அனுப்பிவிட்டார்கள். தோழிகள் கேலி செய்கிறார்கள். “பொம்பளப் பிள்ளையளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்கிறார் பாட்டி. அடுத்த மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு முகாம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கட்டுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம். அடுத்த மாதம் போகாதே.

அந்த நீலத் திரவம், நம் ஊரில் ரப்பருக்கும் கமுகுக்கும் மருந்தடிக்கக் கலக்கும் அதே துருசு, அதாவது காப்பர் சல்பேட், கரைத்த தண்ணீர்தான். அளவாகக் கலந்து வைத்திருப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் துளி மூழ்கும், குறைந்தால் மிதக்கும். எவ்வளவு குறைவு என்று அது சொல்லாது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. நீ 12.2 இருந்திருக்கலாம், 9 ஆகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. அதனால் முதல் வேலையாக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ரத்தப் பரிசோதனை செய்துகொள். நீயாகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதே. குறைவுக்குக் காரணம் எப்போதும் இரும்புச்சத்துதான் என்றில்லை.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்றால், 350 மில்லி ரத்தத்தோடு சுமார் 150 மில்லிகிராம் இரும்பும் போய்விடும். உடம்பு ஒரு நாளைக்குச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாயிலும் கொஞ்சம் போகிறது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்கள் 120 நாள் பொறுக்க வேண்டும் என்று வைத்திருப்பதும் இதனால்தான். உன்னைத் திருப்பி அனுப்பியவர் உன் உடம்பைப் பார்த்துத்தான் அனுப்பினார். எனக்கு அவர் மேல் மரியாதை வருகிறது.

பாட்டியிடம் சண்டை போடாதே. 18 வயது முடிந்து, 45 கிலோவும் 12.5-ம் இருந்தால் பெண்களும் தாராளமாகக் கொடுக்கலாம். மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும் கூடாது. இதை நிதானமாகச் சொல், கேட்டுக்கொள்வார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சாப்பிட்ட கையோடு கட்டன்சாயா குடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை விடு. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடி. மரச்சீனிக் கிழங்கு மட்டும் தின்றால் போதாது, கூடச் சாளை மீனோ நெத்திலியோ இருக்கட்டும். முருங்கைக்கீரையோடு ஒரு நெல்லிக்காய் சேர்த்துக்கொள்.

மருத்துவர் மாத்திரை எழுதினால் அவர் சொன்ன காலம் வரை சாப்பிடு, நடுவில் நிறுத்தாதே. 12.5 தாண்டியதும் எனக்கு ஒரு வரி எழுது. ரத்தம் கொடுக்கப் போகும் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போ. முதல் தடவை கொடுக்கிற இளம் வயதுக்காரர்களுக்குத்தான் தலைசுற்றல் அதிகம் வரும். கொடுத்ததும் சட்டென்று எழுந்திருக்காதே.