எக்செல் டெம்ப்ளேட்டில் தரவு நிரப்பும்போது கால்பேக்: கேள்வி பதில்

பைதானில் ஓபன்பைஎக்செல் (எக்செல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரி) வைத்து, தயாராக இருக்கும் எக்செல் டெம்ப்ளேட்டில் தரவை நிரப்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, இந்த இடத்தில் கால்பேக் என்னதான் செய்கிறது?

நிரப்பும் ஃபங்ஷனுக்குத் தரவோடு இன்னொரு ஃபங்ஷனையும் கொடுத்துவிடுகிறீர்கள். வரிசைகளை எழுதிக்கொண்டே, "இத்தனை முடிந்தது, மொத்தம் இத்தனை" என்று அது இதைக் கூப்பிடும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையை (ப்ராக்ரஸ் பார்) ஓட்டுவதோ லாக்கில் எழுதுவதோ உங்கள் ஃபங்ஷனின் பாடு. நிரப்பும் நிரலுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அப்போதுதான் அதே நிரலை நாளைக்கு சர்வரிலும் ஓட்ட முடியும்.

கேள்வி: 60,000 வரிசை சார். கால்பேக் போட்டதும் முன்பைவிட மெதுவாகிவிட்டது.

வரிசைக்கு ஒரு தடவை திரையைத் திருத்துகிறீர்கள், அதனால்தான். 500 வரிசைக்கு ஒரு தடவை கூப்பிட்டாலே போதும். எனக்குப் பிடித்த வழி நேரத்தைப் பார்ப்பது: கடைசியாகக் கூப்பிட்டு 0.2 விநாடி ஆகியிருந்தால் மட்டும் மறுபடி கூப்பிடுவேன். ஆனால் கடைசி வரிசைக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பட்டை 99-லேயே நின்றுவிடும்.

கேள்வி: 100% காட்டிய பிறகும் வெகுநேரம் அப்படியே நிற்கிறதே?

இதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஓபன்பைஎக்செல் நீங்கள் எழுதுவதை மெமரியில்தான் வைத்திருக்கும். சேவ் சொன்ன பிறகுதான் எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லாக்கி ஜிப்பாகச் சுருக்கும். அந்த நேரம் முழுக்க நம் கால்பேக்கைக் கூப்பிட ஆளில்லை.

ஒரு அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் நிரப்பும் கருவி செய்து கொடுத்தேன். பட்டை 100-ஐத் தொட்டு நின்றதும், கணக்குப் பார்க்கும் அம்மா ஹேங் ஆகிவிட்டது என்று டாஸ்க் மேனேஜரில் போய் மூடிவிட்டார். ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்ற கோப்பை எக்செல் திறக்கவே இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, முடிந்தது என்று சொன்னது என் பட்டைதான்.

அப்புறம் வரிசைகளுக்கு 80% வரைதான் ஒதுக்கினேன். மீதிக்கு "கோப்பைச் சேமிக்கிறது, மூட வேண்டாம்" என்று எழுத்து வரும். கால்பேக்குக்கு எண்ணோடு கட்டத்தின் பெயரையும் அனுப்பினால் இது சுலபம்.

கேள்வி: டிகேஇன்டர் (பைதானில் ஜன்னல் அமைக்கும் லைப்ரரி) ஜன்னல் உறைந்துபோகிறது. நிரப்புவதைத் தனி த்ரெட்டில் (பக்கவாட்டில் ஓடும் தனி வேலையாக) ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் அந்த த்ரெட்டிலிருந்து பட்டையைத் தொடாதீர்கள். கால்பேக் எண்ணை ஒரு க்யூவில் போடட்டும், மெயின் த்ரெட் டிகேஇன்டரின் ஆஃப்டர் மூலம் 100 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை எடுத்துக் காட்டட்டும்.

கேள்வி: பாதியில் நிறுத்த ஒரு பட்டன் வைக்க முடியுமா?

முடியும். கால்பேக் 'ஃபால்ஸ்' திருப்பினால் லூப் வெளியே வந்துவிட வேண்டும். சேமிப்பதை அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் செய்துவிட்டு, முழுசாக முடிந்த பிறகு ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் சரியான பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் என்ன ஆனாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்கும்.

கேள்வி: தரவு ஜெனரேட்டரில் (ஒவ்வொன்றாகத் தருவது) வருகிறது, மொத்தம் தெரியாது.

டேட்டாபேஸ் என்றால் முதலில் எத்தனை வரிசை என்று எண்ணும் ஒரு கவுண்ட் க்வெரி ஓட்டுங்கள். அதுவும் முடியாதா, சதவீதமே வேண்டாம். "12,500 வரிசை முடிந்தது" என்று காட்டினால் போதும், பார்க்கிறவருக்கு வேலை நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மெமரி பத்தவில்லை. மெமரி குறைவாக எடுக்கும் ரைட்-ஒன்லி (எழுத மட்டும்) மோடுக்கு மாறட்டுமா?

அது புதுக் கோப்புக்கு மட்டும்தான், இருக்கிற டெம்ப்ளேட்டுக்கு உதவாது. தரவை மாதவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக நிரப்புங்கள். ஒரு கோப்பு முடிந்ததும் ஒரு கால்பேக்.