75 மைக்ரோகிராமும் 0.075 மில்லிகிராமும் ஒன்றா?

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். டாக்டர் டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து வரும் அக்கா, அங்கே சீட்டில்லாமல் கிடைக்கும் ஓபில் மாத்திரையை வாங்கி வருகிறேன் என்கிறாள். அதில் 0.075 மி.கி. என்றிருக்கிறது. எதில் டோஸ் குறைவு? இது தீர்ந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, கோவை

பதில்: எண் ஒன்றுதான். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால் 1 மில்லிகிராம், ஆக 0.075 மி.கி. என்பதும் 75 மைக்ரோகிராம்தான். ஆனால் மருந்து வேறு. ஓபிலில் இருப்பது நார்ஜெஸ்ட்ரல். அதில் சரிபாதிதான் வேலை செய்யும். அந்தப் பாதிக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்று பெயர். அதனால் மருந்தின் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து எது குறைவு, எது கூடுதல் என்று சொல்லவே முடியாது.

நீங்கள் ஒப்பிட வேண்டியது நேரத்தை. டெசோஜெஸ்ட்ரல் பெரும்பாலான மாதங்களில் கருமுட்டை வெளியேறுவதையே நிறுத்திவிடும். அதனால் வழக்கமான நேரத்தைத் தாண்டி 12 மணி நேரம் வரை தாமதமானாலும் பாதுகாப்பு போகாது. நார்ஜெஸ்ட்ரல் முக்கியமாகக் கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுக்கிறது. அந்தக் கெட்டித்தன்மை ஒரு நாளுக்கு மேல் நிற்காது. 3 மணி நேரம் தவறினாலே அடுத்த இரண்டு நாள் ஆணுறை வேண்டும். கைக்குழந்தையோடு இரவும் பகலும் மாறிக் கிடக்கும் வீட்டில் இந்த 3 மணி நேரக் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால், டாக்டர் எழுதியதையே தொடருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். 2023இல் சீட்டில்லாமல் விற்க அமெரிக்கா அனுமதித்ததால் ஓபில் மட்டமான மருந்து ஆகிவிடாது. உங்கள் நிலைமைக்கு டெசோஜெஸ்ட்ரல் வசதி, அவ்வளவுதான். இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை, தாய்ப்பாலுக்கு இடைஞ்சல் இல்லை. இரண்டையும் இடைவெளி விடாமல் தினமும் போட வேண்டும்.

அப்புறம், காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசெபைனோ சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அவை இந்த மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும்.

கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாரெதிஸ்டெரோன் 5 மி.கி. அட்டையைப் பார்த்து, "75 மைக்ரோகிராமைவிட இது பலமானது" என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அது மாதவிடாயைத் தள்ளிப்போடவும் அதிக ரத்தப்போக்கை நிறுத்தவும் கொடுக்கும் மாத்திரை. அதே மருந்து தினசரி கருத்தடைக்கென்று வெளிநாடுகளில் 0.35 மி.கி. அளவில் தனியாக விற்கிறது.