எஸ்டேட் பாதை யாருக்குச் சொந்தம்? – கேள்வி பதில்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் (நமக்கு இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்) குடியிருக்கிறேன். நில அலுவலகத்தில் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, தாத்தா காலத்திலிருந்து எஸ்டேட் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்குள் நடந்துதான் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் போகிறோம். எஸ்டேட் கைமாறியதும் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். 60 வருடப் பாதையில் எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: நடந்ததால் மட்டும் உரிமை வராது தம்பி. தேசிய நிலச் சட்டத்தின் 284-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல் நடந்த பாதையை, 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி பொது வழி என்று கோரலாம். இங்கே கிராண்டில் (நிலப் பட்டாவில்) ஏறியதுதான் பேச்சு.

இப்படிப் பூட்டிய கேட் ஒன்றின் முன்னால், ஒரு பாட்டி வாழையிலையைத் தார் ரோட்டில் விரித்துப் புருஷனுக்குப் படையல் போட்டதைப் பார்த்திருக்கிறேன். கல்லறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களின் இடுகாட்டுப் பாதைக்காவது சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். அதே சட்டத்தின் 28-ஆம் பாகப்படி, நில நிர்வாகி வழி ஏற்படுத்தித் தரலாம்: 389-ஆம் பிரிவு தனியார் வழி, 390-ஆம் பிரிவு பொது வழி. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டு மனுப் போடுங்கள். பழைய சர்வே பிளானில் இடுகாடு குறித்திருந்தால் நகல் எடுத்து இணையுங்கள். யார் வாய் வார்த்தையையும் நம்பாதீர்கள்.

கேள்வி: மலையேறப் பெர்மிட் வேண்டுமா?

பதில்: நிரந்தர வனக்காப்பு (அரசு ஒதுக்கிய காடு) என்றால் வேண்டும். வன இலாகாவில் கேளுங்கள்.

கேள்வி: காட்டுப்பன்றி சுடலாமா?

பதில்: லைசென்ஸ் இல்லாமல் கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம். பெர்ஹிலித்தானிடம் (வனவிலங்கு இலாகா) போங்கள்.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டிலும் 40 வருடமாக...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வழியைத் திறந்தால் குப்பையும் வரும், கண்ணி வைக்கிறவனும் வருவான். காட்டைப் பூட்டி வைப்பதே நல்லது.

பதில்: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020-ல் கோல லங்காட் வடக்குக் காட்டை வனக்காப்பிலிருந்து நீக்க நோட்டீஸ் வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் யார்? அந்தக் காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும், காட்டை அறிந்தவர்களும். 2021 செப்டம்பரில் மாநில அரசு பின்வாங்கியது. காட்டுக்குள் யாருமே போகாதிருந்தால் அது போனதுகூடத் தெரிந்திருக்காது.

கேள்வி (அவரே): சிலாங்கூரில் பொது விசாரணை இருந்ததால் தப்பித்தது. மற்ற மாநிலத்தில்?

பதில்: சரியான இடத்தைப் பிடித்தீர்கள். காடு மாநில அதிகாரம். 2022-ல் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, வனக்காப்பை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் அதை ஏற்றால்தான் அங்கே செல்லும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கண்ணி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. நடக்கும் உரிமை வேறு, வேட்டையாடும் உரிமை வேறு. கம்பிச் சுருக்கைப் பார்த்தால் படம் எடுத்து பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மேனேஜர் "போய்க்கோங்க" என்று சொல்லிவிட்டார். போதும்தானே ஐயா?

பதில்: போதாது. அவர் நாளைக்கே மாறிப் போவார். இன்றே எழுத்தில் வாங்குங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு மனுவும் போடுங்கள்.