இடுப்பில் வைக்கும் பீங்கான் பந்து உடைந்துவிடாதா?

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும்போது பீங்கான் பந்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகவும், அது உடையாதா, உடம்பு ஏற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு பல் லேபில் பன்னிரண்டு வருடமாக சிர்கோனியா என்ற பீங்கானில் பல் கேப் செய்கிறேன். அதனால் பொருளைப் பற்றிச் சொல்ல முடியும்.

பீங்கான் என்றதும் கீழே விழுந்து சிதறும் கப்தான் நினைவுக்கு வரும். சிர்கோனியா எங்களிடம் வரும்போது சாக்கட்டி மாதிரி இருக்கும். நகத்தால் கீறினாலே தூள் வரும். அதில் பல் கேப்பை வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடைந்து, சுமார் 1,500 டிகிரி சூட்டில் உலையில் வைப்போம். மறுநாள் காலையில் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, கண்ணாடி மாதிரி ‘டிங்’ என்று ஒலிக்கும். அதன்பிறகு தேய்க்க வைரத்தூள் பதித்த சக்கரம்தான் வேண்டும். இதில் ஒரு அற்புதம் இருக்கிறது. எங்காவது கீறல் விட ஆரம்பித்தால், அந்த முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிச் சற்றே பருக்கும். அந்த அழுத்தம் கீறலை மேலே ஓடவிடாமல் நெருக்கிப் பிடிக்கும்.

இடுப்புக்கு முதலில் வந்தது அலுமினா என்ற இன்னொரு பீங்கான். பிரான்சில் பியர் பூட்டான் என்ற டாக்டர் 1970-ல் வைத்தார். இப்போது அலுமினாவோடு சிர்கோனியா கலந்து, இளஞ்சிவப்பாக ஒரு வகை வருகிறது, பழையதைவிட உறுதியானது. உடையவே உடையாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். 2001-ல் சில தொகுதி சிர்கோனியா பந்துகள் உடைந்ததால் திரும்பப் பெறப்பட்டன. இன்று அது மிக அரிது. ஆனால் உடைந்தால் சில்லுகளை எடுப்பது சிரமமான ஆபரேஷன். இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

உடம்பு ஏற்குமா? பாம்பன் காற்றில் இரும்பு படும் பாடு நமக்குத் தெரியும். உடம்புக்குள்ளும் உப்புத் தண்ணீர்தான். அலுமினா என்பது ஏற்கெனவே முழுசாகத் துருப்பிடித்து முடிந்த அலுமினியம். இனித் துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் உடம்பு அதைச் சும்மா விட்டுவிடுகிறது.

இன்னொரு வகைப் பீங்கானை உடம்பு சும்மா விடாது, தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. அதே தாதுவைச் செயற்கையாகச் செய்ததுதான் ஹைட்ராக்சிஅபடைட். என் தாத்தா மண்டபம் பக்கம் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். கடலில் வெட்டி வந்த முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, எரித்துச் சுண்ணாம்பாக்கிய காலம் அது. அவர் வைத்திருந்த ஒரு துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஊசி நுழையும் துளைகள், ஆட்டெலும்பை உடைத்துப் பார்த்தது போலவே. அமெரிக்காவில் டெல்லா ராய் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1974-ல் பவளத்தைச் சூடான பாஸ்பேட் கரைசலில் அழுத்தத்தில் வைத்து, துளை மாறாமல் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றினார்கள். அந்தத் துளைக்குள் ரத்தக்குழாயும் புது எலும்பும் வளர்ந்து புகும். கண்விழி எடுத்தவர்களுக்கு உள்ளே வைக்கும் உருண்டையையும் அப்படிச் செய்தார்கள். இதற்காக நம் மன்னார் வளைகுடா பவளத்தில் யாரும் கை வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தாதுவை ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்.

சிமென்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டுகள் பலவற்றில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு இருக்கும். அம்மாவுக்கு வைப்பதில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். எலும்பு அதைப் பற்றிப் பிடிக்கச் சில மாதம் ஆகும்.

அப்புறம் ஒன்று. நம் பக்கத்து அம்மாக்கள் தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்துதான் மீன் ஆய்வார்கள். தாழ உட்கார்ந்தால் புது மூட்டு நழுவ வாய்ப்புண்டு. வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே, நின்றபடி ஆய அடுப்பங்கரை மேடையில் இடம் பண்ணி வையுங்கள்.